ரெண்டு பல் போட்ட இஞ்சின்

என் மச்சான் சுந்தரபாண்டியை நல்ல மனுஷன் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு அவர் வீட்டில் பெண் கேட்டுப் போகிற வேலை இருந்ததில்லை. எனக்கு இருந்தது.

அவர் என் சம்சாரம் முத்துப்பேச்சியின் கூடப் பிறந்த அண்ணன். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் அவர் ஊர் வரும். பருத்தியும் கம்பும் போடுகிற மானாவாரி நிலம், தொழுவத்தில் நாலு காளை, வீட்டில் மூக்கம்மாள் என்கிற பொறுமைசாலியான மனைவி, ராமுத்தாய் என்று ஒரே மகள். இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு. இவருக்குப் பேர் வந்தது மாடு பார்ப்பதில்.

கழுகுமலை மாட்டுத்தாவணிக்கு, அதாவது மாட்டுச்சந்தைக்கு, அவர் கிளம்பினால், மாடு வாங்குகிற விவசாயச் சம்சாரிகள் ஒரு கூட்டமாகப் பின்னால் போவார்கள். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். சாணியை எடுத்து மோந்துகூடப் பார்ப்பார். அதன் பிறகு "வாங்கு" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். மூன்றாவது வார்த்தை கிடையாது. அவர் வாங்கச் சொன்ன மாடு நல்லா உழுதால் அது அவர் பார்த்துக் கொடுத்த மாடு. படுத்துக்கொண்டால், "நீ தீவனம் வச்ச லட்சணம்" என்று வாங்கினவனைத் திட்டுவார். இப்படி இருந்தால் யாருக்குத்தான் பேர் வராது?

எனக்குச் சாத்தூரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. என் மகன் சங்கரலிங்கம் கடையில் உட்கார்ந்தால் தும்ம ஆரம்பிப்பான், எழுந்து போகிற வரைக்கும் தும்முவான். கடைசியில் அவனை உட்கார வைக்கிற ஆசையை நானே விட்டுவிட்டேன். சண்டைக் காலத்து மிலிட்டரிப் பெட்ரோல் லாரி ஒன்றில் ஓட்டப் பழகினான். ஐம்பத்தேழாம் வருஷம் நானும் அவனும் சேர்ந்து, அப்போதுதான் புதிதாக வர ஆரம்பித்திருந்த டீசல் லாரிகளில் ஒன்றை எடுத்தோம். சிவகாசியிலிருந்து தீப்பெட்டியும் பட்டாசும் ஏற்றிச் செங்கோட்டை வழியாக மலையாளத்துக்குப் போகும். வண்டி புதுசு, பையன் வாலிபம், லோடுக்குக் குறைவில்லை. ராமுத்தாயோ அவனுக்கென்றே தொட்டில் காலத்தில் பேசி வைத்த முறைப்பெண். இனி என்ன இருக்கிறது என்று ஆவணி மாதத்தில் வெற்றிலைத் தட்டோடு கிளம்பினோம். நாங்கள் செய்த ஒரே தப்பு, லாரியிலேயே போனது.

வாசலில் வண்டி நின்றதும் மச்சான் எங்களை "வாங்க" என்றார். பார்வை எங்கள் பேரில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார். டயரை உதைத்தார். முன்பக்கம் வந்து, "வாயத் தொற" என்றார். சங்கரலிங்கம் பானட்டைத் தூக்கினான். அவர் உள்ளே தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். என்ன தெரிந்ததோ, அவருக்கும் சாமிக்கும்தான் வெளிச்சம்.

"இதுல பிளக்கு கிடையாது மாமா" என்றான் என் மகன், பெருமையாக. "பொறியே வராது. பட்டாசு லோடுக்கு இதவிட நல்ல வண்டி கிடையாது."

"பொறி இல்லாம எண்ணெ எப்பிடிலே பத்துது?"

"காத்தப் போட்டு அமுக்குனா சூடாகும் மாமா. அந்தச் சூட்டுல பத்திக்கிரும்."

"அமுக்குனாப் பத்துற சரக்க நம்ம பக்கத்துல எவனாச்சும் மடியில கட்டிக்கிட்டு அலைவானாலே?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வெடிமருந்து இடிக்கிற ஊர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பயம் நியாயம்தான்.

"சரி, வண்டிக்கு எத்தன பல்லு?"

"வந்து நாலு மாசம் ஆச்சு மாமா."

"அப்பப் பால்பல்லு. இதோட ஆத்தா எங்கன இருக்கு?"

"சீமையில."

மச்சான் பானட்டை மூடிவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் முத்துப்பேச்சி தட்டை நீட்டினபோது வாங்கவில்லை.

"மருமகன்கிட்ட எனக்கு ஒரு கொறையும் இல்ல தாயி. ஆனா அவன் சோறு திங்கப்போறது இந்த இஞ்சின்ல. இது எம்புட்டு நாளைக்கு ஓடும்? யாருக்காச்சும் தெரியுமா? கன்னுக்குட்டி வாங்கணும்னா ஆத்தாளப் பாத்து வாங்கலாம். இதுக்கு அதுவும் சீமையில இருக்கு. இதே இஞ்சின் ஒண்ணு கெழடாகி நின்னத நம்ம ஜில்லாவுல எவனாச்சும் பாத்திருக்கானா?"

"கம்பெனிக்காரன் உத்தரவாதம் குடுத்திருக்கான் மச்சான்" என்றேன் நான்.

"கம்பெனிக்காரன் இஞ்சின்தான மாப்ளே குடுக்கான்? நான் பொண்ணுல்ல குடுக்கேன்."

உள்ளேயிருந்து மூக்கம்மாள் குரல் வந்தது. "எங்க அய்யா என்னய உங்களுக்குக் குடுக்கையில வாயப் பொளந்து பல்லையா எண்ணுனாரு?"

"எண்ணியிருந்தாக் குடுத்திருக்க மாட்டாரு" என்று சொல்லி அவரே சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைப்பல் சேருகிற வரைக்கும், அதாவது ஐந்து வருஷம், பொறுக்க வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். மூக்கம்மாளும் முத்துப்பேச்சியும் இரண்டு பக்கமும் நின்று கத்தியதில் ரெண்டு பல்லுக்கு இறங்கி வந்தார். காளைக்கன்று ரெண்டு பல் போட இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆகவே ஐம்பத்தொன்பதாம் வருஷத் தீபாவளி வரை இஞ்சின் படுக்காமல் ஓடினால் கல்யாணம். நடுவில் படுத்தால், விருதுநகரில் கடை வைத்திருக்கிற எங்கள் சொந்தக்கார வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்களே, ராமுத்தாய் அங்கே போவாள். கடை எங்கும் ஓடாது, அதனால் நிற்கவும் செய்யாது என்பது அவர் கணக்கு.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். திட்டத் திட்ட, அவர் கேட்டதில் நியாயம் இருப்பது தெரிந்தது. பழைய பெட்ரோல் வண்டிகள் எப்படிக் கெடும், எங்கே நிற்கும், எத்தனை தடவை பிரித்துப் போடலாம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். டீசல் வண்டி நல்லா ஓடுகிறது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு வந்த எரிச்சல் முக்கால்வாசியும் அந்த நியாயத்தின் மேல்தான்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார். அமாவாசைக்கு அமாவாசை சம்சாரிகள் மாட்டை ஏரில் பூட்ட மாட்டார்கள். அதேபோல் வண்டிக்கும் அன்றைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதுவும் அவர் தொழுவத்துப் பக்கத்தில், அவர் கண்முன்னால் நிற்க வேண்டும். லோடு கொடுக்கிற கம்பெனிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் குதித்தேன். சங்கரலிங்கம் மறுபேச்சு இல்லாமல் சரி என்றுவிட்டான். பயலுக்கு இஞ்சின் மேல் இருந்த கரிசனம் என்றுதான் நினைத்தேன். அமாவாசை தோறும் தொழுவத்துப் பக்கம் ராமுத்தாய் எத்தனை தடவை தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள் என்பதை முத்துப்பேச்சி சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கும். ஒருநாள் என்னிடம், "எனக்கு வயசு ஏறுறது யாரு கண்ணுலயும் படல மாமா. இஞ்சினுக்கு ஏறுறதத்தான் எல்லாரும் பாக்காக" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மச்சான் சோதனை என்றால் சோதனைதான். காட்டில் வேலை இல்லாத நாட்களில் சாத்தூருக்கு வந்து வண்டியில் ஏறிக்கொள்வார். இஞ்சின் பக்கமாகக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். "மூச்சு வாங்குது" என்பார். "முக்குது" என்பார். செங்கோட்டை மலை ஏற்றத்தில் பழைய பெட்ரோல் லாரிகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டு நிற்கும், டிரைவர்கள் தண்ணீர் தேடி அலைவார்கள். எங்கள் வண்டி நிற்காமல் ஏறிவிடும். ஒரு தரம் நானும் கூடப் போயிருந்தேன். உச்சி ஏறினதும், "இப்ப என்ன சொல்றீக மச்சான்?" என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. "களைக்காத மாடு நோவ மறைக்குது மாப்ளே" என்றார்.

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஓடினால் சந்தேகம், நின்றால் விருதுநகர்.

ஆனால் ஒரு வருஷம் கழிந்ததும் சின்னச் சின்ன மாற்றம் தெரிந்தது. "அந்த வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "வண்டி" என்றார். அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளுக்கு மாலை போட்ட கையோடு லாரிக்கும் ஒரு மாலை போட்டு, பானட்டில் குங்குமம் வைத்து, இலையில் பொங்கலும் வைத்தார். காக்கா தின்றுவிட்டுப் போனது, அவர் வண்டி சாப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டார். சாத்தூர் டீக்கடையில் ஒருவன் டீசல் இஞ்சினுக்கு ஆயுசு கம்மி என்று சொல்லப்போக, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனாராம்.

"நீங்களும் அதத்தான மச்சான் சொல்லிக்கிட்டுத் திரியிறீக?" என்று கேட்டேன்.

"நான் சொல்லலாம். அவன் சொல்லக் கூடாது" என்றார்.

ஐம்பத்தொன்பது புரட்டாசி வந்தது. பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தது. கெடு முடியத் தீபாவளி ஒன்றுதான் பாக்கி. அமாவாசை ஓய்வுக்காக வண்டி மச்சான் ஊருக்குப் போயிற்று. முன்னோர்களுக்குப் படைக்கிற அமாவாசை என்பதால் நானும் முத்துப்பேச்சியும் அதிலேயே போனோம். கரிசல் தடத்தில் திரும்பினதும் இஞ்சின் இருமியது. கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடி இருமியது. தொழுவத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

வாசலில் நின்ற மச்சானின் முகம் வெளிறிவிட்டது.

"ஒண்ணுமில்ல மாமா, டீசல்ல தூசி. நாளைக்கிப் பில்டரக் கழுவுனாச் சரியாயிரும்" என்றான் சங்கரலிங்கம். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. படையல் முடிந்து இலை போட்டார்கள். வடை, பாயசம் எல்லாம் இருந்தும் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி, மனுஷன் தீர்ப்புச் சொல்ல வார்த்தை தேடுகிறார், இன்றைக்கு என் மருமகள் விருதுநகருக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ராமுத்தாயும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வடை இருந்த என் இலையிலேயே மறுபடி மறுபடி வடை வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தோம். நான் கண்ணை மூடுவதற்கு முன்னால், மச்சான் மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவதைப் பார்த்தேன். மாடு இளைத்தாலோ இருமினாலோ, அந்தக் குழாயில் நல்லெண்ணெயை ஊற்றித் தொண்டையில் புகட்டுவது வழக்கம். ஏதோ காளைக்குச் சுகமில்லை போல என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் பையன் பில்டரைக் கழுவி மாட்டினான். இஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது, இருமல் போன இடம் தெரியவில்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு. என்னைத் திரும்புகிற வழியில் சாத்தூரில் விடுவதாகப் பேச்சு, முத்துப்பேச்சி அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். மச்சானும் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு வடை வாசனை வந்தது. நேற்றைய வடை மடியில் கட்டியிருக்கிறதோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை. போகப் போக வாசனை கூடியது. மச்சான் வெளியே பருத்திக்காட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் லாரி போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இஞ்சினை அணைப்பதற்குள் காற்று எங்கள் புகையைக் கொட்டகைகள் பக்கம் கொண்டு போய்விட்டது. பீடி வைத்திருந்தால்கூடக் கேட்டில் பிடுங்கிக்கொள்கிற இடம் அது. அங்கே எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் என்ன ஆகும்? உள்ளே யாரோ அடுப்புப் பற்ற வைத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அப்படி நினைக்கிறவர்கள் அங்கே நின்று யோசிக்க மாட்டார்கள்.

"எவன்லே உள்ள அடுப்பப் பத்த வச்சது? ஓடுங்க, ஓடுங்க!" என்று வாட்ச்மேன் இருளாண்டி போட்ட சத்தத்தில், ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எதிர்க்காட்டுக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். என் வயசுக்கு நான் அவ்வளவு ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

வெடிக்கவில்லை. எல்லாரும் காட்டில் நின்று மூச்சு வாங்கினோம். இருளாண்டி தனியாக உள்ளே போய் ஒவ்வொரு கொட்டகையாகப் பார்த்துவிட்டு, "அடுப்பும் இல்ல, ஒரு எளவும் இல்ல" என்று வந்தார். அப்போது மச்சான் ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வருகிற அய்யம்மாள், மூக்கை நீட்டிக்கொண்டே நடந்து எங்கள் லாரிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.

"இங்கனதான் வட சுடுது" என்றாள். சைலன்சர் பக்கம் இன்னொரு தரம் மோந்தாள். "மாவு போடல. எண்ணெ மட்டுந்தேன் காஞ்சிருக்கு. நல்லெண்ண."

சங்கரலிங்கம் டீசல் டாங்கி மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்து மோந்து பார்த்தான். பிறகு மாமனைப் பார்த்தான். அத்தனை பேரும் மாமனைப் பார்த்தார்கள்.

"இருமுச்சுல்ல" என்றார் சுந்தரபாண்டி.

"எம்புட்டு மாமா ஊத்துனீக?"

"ரெண்டு குழாய்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்புறம் மனசு கேக்கல. பானையோட கவுத்துட்டேன்."

தீபாவளிக்கென்று மூக்கம்மாள் செக்கில் ஆட்டி வாங்கி வைத்திருந்த எண்ணெய் அது. பயத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். இருளாண்டி மட்டும் சிரிக்காமல், இனி இந்த வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தக் கூடாது என்று ஏசினார். அவர் ஏசியது முழுக்க நியாயம், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

மச்சான் மெதுவாக மருமகன் பக்கம் நகர்ந்தார். "ஏலே, கெட்டுப் போயிருமா?" என்று காதோரம் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது மாமா. டீசல் இஞ்சின் எந்த எண்ணெயையும் கொஞ்சம் தாங்கும். பொக மட்டுந்தேன் மணக்கும்."

"நல்லெண்ணெயக் குடிச்சுச் செரிச்சிருச்சா?" என்று கேட்டு, பானட்டை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அந்த இருமல் தன் வைத்தியத்தில்தான் நின்றது என்று கடைசி வரைக்கும் நம்பினார். பில்டர் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அன்றைக்கு லோடு கொடுக்கவில்லை. ஒருநாள் ஓடி டாங்கி காலியாகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் சாத்தூருக்குப் போகிற யோசனையை விட்டுவிட்டு அவர்களோடே சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்பினேன். அதற்குள் அய்யம்மாள் வேலை முடிந்து வந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். நாங்கள் போய் இறங்கியபோது மூக்கம்மாள் காலிப் பானையை வாசலிலேயே வைத்திருந்தாள். முத்துப்பேச்சி அண்ணனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் யார் முகத்தையும் பார்க்காமல், தொழுவத்துக் காளையைத் தடவிக்கொண்டு நின்றார்.

ராமுத்தாய் அவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கேன். தாவணியில மாடு பாக்கப் போறீகளே, பாத்த மாட்டுக்கு என்னைக்காச்சும் மருந்து குடுத்திருக்கீகளா?"

"பாக்கப் போன எடத்துல எவன் தாயி மருந்து குடுப்பான்?"

"பெறகு யாரு மாட்டுக்குக் குடுப்பாக?"

அவர் காளையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"தன் மாடுன்னாத்தான அய்யா குடுப்பாக?" என்றாள். "இன்னும் எதுக்குத் தீபாவளி வரைக்கும்?"

தொழுவத்தில் காளை ஒன்று தலையை ஆட்டியது, கழுத்துமணி சத்தம் கேட்டது. மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வேர்வை என்று அவர் சொன்னார், நான் ஒத்துக்கொண்டேன். பிறகு உள்பக்கம் பார்த்து, "மூக்கு, தங்கச்சி கொண்டாந்த தட்டு எங்கன? அதுக்கும் எண்ணெயா ஊத்தணும், எடுத்துட்டு வா" என்று அதட்டினார். நாங்கள் தட்டே கொண்டு வந்திருக்கவில்லை. மூக்கம்மாள் தன் வீட்டுத் தட்டையே துடைத்து, வெற்றிலை வைத்து முத்துப்பேச்சி கையில் கொடுக்க, முத்துப்பேச்சி அதை அண்ணனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அந்த லாரியில்தான் சாத்தூருக்கு வந்தார்கள்.

அதன் பிறகு இன்னும் பெரிய, இன்னும் புது மாதிரி லாரிகள் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும், இது தாங்குமா, பழைய வண்டி அளவுக்குத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு மச்சானிடம் ஆட்கள் வந்தார்கள். மாட்டில் எடுத்த பேர் எப்படியோ லாரிக்கும் ஒட்டிக்கொண்டது. அவரும் சளைக்காமல் சுற்றி வருவார், டயரை உதைப்பார், வாயைத் திறக்கச் சொல்லித் தலையை உள்ளே விடுவார். புதுசு எதற்கும் "வாங்கு" என்று மட்டும் சொல்ல மாட்டார். எங்கள் வண்டியைக் காட்டி, அதே இஞ்சின் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்பார்.

ஏழாயிரம்பண்ணைக்காரர் ஒருவர் விடாமல், "அது நல்ல இஞ்சின்னு எத வச்சுச் சொல்றீக?" என்று கேட்டுவிட்டார்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத வச்சா? அந்த இஞ்சினுக்குப் பொண்ணு குடுத்தவன்யா நான்!"